பன்னிரண்டாவது கம்பி

அத்தியாயம் 3

பாலம் உடையவில்லை. கீதாஞ்சலியை முதலில் உறுத்தியது அதுதான்.

மேட்டுப் பக்கத்துக் கரையில் நின்று கீழே பார்த்தாள். தளத்தின் இந்த முனை ஓடைக்குள் இறங்கி மண்ணில் புதைந்திருந்தது. அந்த முனை நடுத்தூணின் மேல் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கத்துக் கால்கள் மட்டும் மடங்கிப்போன கட்டில். கான்கிரீட்டில் பெயருக்கு நாலைந்து கீறல், அவ்வளவுதான்.

"நல்லாத்தானே இருக்கு மேடம்? கொஞ்சம் தூக்கி வச்சா பஸ்ஸே விடலாம்," என்றான் அவள் உதவியாளன் இளவழகன்.

"அதுதான் கேள்வி. உடையாத பாலம் ஏன் விழுந்தது?"

"நம்ம ஆபீஸ் நாற்காலியும் அப்படித்தான். உடையலை. உட்கார்ந்தா மட்டும் விழும்."

அவள் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று. நான்கு மணிக்குப் பொக்லைன் வந்து ஓடையைச் சுத்தம் செய்யப்போகிறது. அதற்குப் பிறகு பார்ப்பதற்கு இங்கே எதுவும் இருக்காது. ஐந்து மணிக்கு அர்ச்சுனனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள்.

ஆறு நாளைக்கு முன்னால், சாயங்காலம் ஐந்தேகாலுக்கு, ஜவ்வாது மலை ஒருமுறை மேலைச் சிலிர்த்துக்கொண்டது. அலமாரியில் டம்ளர் உருண்டது, மாட்டுக் கொட்டகையில் தகரம் சலசலத்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. அரை மணி கழித்து, மூங்கில்கொல்லை அர்ச்சுனன் தன் மினி லாரியில் புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செங்கம் போக இந்தப் பாலத்தில் இறங்கினான். பக்கத்து இருக்கையில் பக்கத்து வீட்டு மங்கம்மாள். தளத்தோடு லாரியும் சரிந்தது. அர்ச்சுனனுக்குக் கையில் சிராய்ப்பு. மங்கம்மாள் நேற்றிரவு திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

விடிவதற்குள் அர்ச்சுனனைக் கொண்டுபோய்விட்டார்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிப் பாலத்தைச் சாய்த்து ஓர் உயிரைக் கொன்றதாக வழக்கு. பாலம் கட்டிய காண்டிராக்டர் கோபால்சாமி எழுதிக் கொடுத்த புகார். ஆறு மணிக்கு அர்ச்சுனனின் மனைவி பச்சையம்மா வேலூருக்குப் போன் செய்தாள். வருஷா வருஷம் கீதாஞ்சலிக்குப் புளி கொண்டுவந்து கொடுப்பவள். "யம்மா, அவரு அளவுக்கு மேல பாரம் ஏத்தலைங்க. நீங்க பாலத்து வேலை தெரிஞ்சவங்களாச்சே, வந்து பாருங்க." வேறு ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமலே வைத்துவிட்டாள்.

சொல்லாமல் விட்டது என்ன? மலை ஏறி வரும்போதெல்லாம் கீதாஞ்சலி அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"பூமி ஆடினா பாலம் தூள்தூளாகும்னு நெனச்சேன் மேடம்."

"சில சமயம் ஆகும். தூண் குட்டையா விறைப்பா இருந்தா வெடிச்சுப்போகும். அடியில ஈர மணல் இருந்தா கூழாகித் தூணைக் கைவிட்டுடும். ஆனா எத்தனையோ பாலம் உடையாமலேதான் விழுது. கரைச்சுவர் ஒரு பக்கம் ஆடும், மேல இருக்கிற தளம் வேற பக்கம் ஆடும். தளம் உட்கார்ந்திருக்கிற திண்டு அகலம் பத்தலைன்னா நழுவிடும்."

"புரியுது. எங்க மாமா ரயில்ல மேல் பெர்த்துலேர்ந்து விழுந்தார். பெர்த்துக்கு ஒண்ணும் ஆகலை. மாமாதான் மாவுக்கட்டோட ஊர் போய்ச் சேர்ந்தார்."

கீதாஞ்சலி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இவன் உளறலில் பத்துக்கு ஒன்று உருப்படியாக இருக்கும். "அதேதான். அதுக்கு ரெண்டு வழி. பெர்த்தை அகலமாப் போடணும். இல்ல, ஆள் உருளாம சங்கிலி மாட்டணும். பாலத்துக்கு ரெண்டும் வேணும்."

"ஆனா டம்ளர் உருட்டின ஆட்டத்துக்கா இவ்வளவு பெரிய மாமா விழுந்தார்?"

"விழக்கூடாது." அவள் குனிந்து, சாலை அறுந்த விளிம்பைத் தொட்டாள். வெட்டிய வெங்காயம் மாதிரி தார் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில் வெளுத்த தார், நடுவில் சாம்பல் நிறம், மேலே பளபளவென்று புதுசு. "சாலைக்கும் தளத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளியை மூணு தடவை தார் ஊத்தி அடைச்சிருக்காங்க. அடைக்க அடைக்க விரிஞ்சிருக்கு. இது இறக்கம். ஒவ்வொரு வண்டி பிரேக் போடும்போதும் தளம் கொஞ்சம் கொஞ்சமாக் கீழ்ப்பக்கம் நகர்ந்திருக்கு. கட்டின நாலு வருஷமா இந்தப் பாலம் நடந்துக்கிட்டே இருந்திருக்கு இளவழகன். அன்னிக்கு வந்த அதிர்வு விளிம்புக்குத் தள்ளிடுச்சு. லாரி ஏறினது, கடைசித் தள்ளு."

"நடக்க விட்டது யாரு? சங்கிலி எங்க?"

அவள் ஓரமாக எட்டிப் பார்த்து, தாங்கள் நின்ற கரைச்சுவரின் முகத்தைக் காட்டினாள். திண்டுக்கு மேலே, ஒரே வரிசையில், ஆறு கறுத்த ஓட்டைகள்.

"அங்க இருந்திருக்கணும். தளத்தையும் சுவரையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி. இந்தக் கரையில ஆறு, அந்தக் கரையில ஆறு."

"இப்ப ஓட்டை மட்டும்தான் இருக்கு."

"ஆமா," என்றாள். ஓட்டை இருக்கிறது, கம்பி இல்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

கீழே இறங்கிப் பார்க்கலாம் என்றால் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையை விரித்துவிட்டார். "இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் கயித்தைத் தாண்டக்கூடாதுங்க மேடம். மேலேர்ந்தே பாத்துக்குங்க."

மேலேயிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வார்த்தை அவளை எங்கேயோ கொண்டுபோயிற்று. பாலங்களைச் சோதிக்கும் வேலையில் பதினோரு வருஷம் இருந்தாள். ஒரு மழை நாளில், ஜீப்பை விட்டு இறங்காமலே ஒரு பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பாலம் விழவில்லை. இன்றும் நிற்கிறது. விழுந்திருந்தால் தண்டனை கிடைத்திருக்கும், கணக்குத் தீர்ந்திருக்கும். என்றைக்கு விழுமோ என்று தெரியாமல் அது நின்றுகொண்டே இருப்பதுதான் அவளை வேலையை விடச் செய்தது. இதை அவள் இளவழகனிடம்கூடச் சொன்னதில்லை.

"ஊருக்குள்ள போலாம்," என்றாள்.

மூங்கில்கொல்லை பாலத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பன்னிரண்டே வீடுகள். புளி தட்டுகிற பருவம். வாசலுக்கு வாசல் புளி குவிந்து கிடந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் எங்கேயும் இல்லை.

"சாவு விழுந்த ஊரு. வேலை செய்ய மாட்டாங்க," என்றான் இளவழகன் குரலைத் தாழ்த்தி. மங்கம்மாள் வீட்டு முன்னால் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. கதவருகே மகள் ரம்யா, போனைக் கையில் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் பச்சையம்மா வீட்டுக்குப் போகும்போது அந்தப் பார்வை முதுகில் குத்தியது.

பச்சையம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது கீதாஞ்சலி அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். புதுக் கொப்புளங்கள். ஒன்று உடைந்து சிவந்திருந்தது.

பத்து வயதிலிருந்து புளி தட்டுகிற கைக்கு இப்போது எதற்குக் கொப்புளம்?

கண் வாசலுக்குப் போயிற்று. தட்டுகிற கல்லின் பக்கத்தில் ஒரு கொட்டாப்புளி, கைப்பிடி வைத்த மரச் சுத்தி. வெள்ளை வெளேரென்ற மரம், இன்னும் பச்சை வாசனை போகவில்லை. எதிர் வீட்டு வாசலிலும் அதே மாதிரி ஒன்று. அடுத்த வீட்டிலும்.

"பச்சையம்மா, ஊர்ல எல்லாரும் ஒரே வாரத்துல கொட்டாப்புளி மாத்திட்டீங்களா?"

"பழசு உளுத்துப் போச்சுங்க."

"பன்னண்டு வீட்லயும் ஒண்ணா உளுத்ததா?" என்றான் இளவழகன். "எங்க தெருவுல குழா ரிப்பேர்கூட இவ்ளோ ஒத்துமையா நடக்காதுக்கா."

கீதாஞ்சலி தட்டுகிற கல்லில் விரலை ஓட்டினாள். நடுவில் சின்னச் சின்ன வட்டக் குழிகள், ஒரே அளவில். மரம் கல்லைக் குழியாக்காது.

"இரும்பாலதான் தட்டிக்கிட்டிருந்தீங்க," என்றாள் மெதுவாக. "தடிமனான, உருண்டையான இரும்பு. அது எங்க?"

பச்சையம்மாவின் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. எழுந்து போய்ப் புளிக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். வெளியே இழுத்தபோது கையில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கம்பி. இரண்டு முனையிலும் மரை.

"வூட்டுக்கு ஒண்ணுங்க," என்றாள். "பாலம் கட்டி முடிச்சன்னைக்கு எங்க வூட்டுக்காரருதான் வண்டியில கொண்டாந்தாரு. காண்டிராக்டர்தான், இடத்தை அடைக்குது, தூக்கிட்டுப் போங்கடான்னாரு. நல்ல கனமா இருக்குதுன்னு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். பாலம் வுழுந்த மறுநாளு காண்டிராக்டரோட மேஸ்திரி வந்தான். பாலத்தைப் புடிச்சிக்கினு இருந்த கம்பிய எவனோ உருவிட்டான், எவன் வூட்ல இருக்குதோ அவன்தான் கொலைகாரன்னு சொல்லிட்டுப் போனான்."

"கோபால்சாமிதான் கொடுத்தார்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு நம்புவாங்க? எழுதியா குடுத்தாரு?" அவள் கம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு ஸ்டேஷன்ல வாயத் தொறக்கலைங்க. தொறந்தா பன்னண்டு வூட்டுப் பொம்பளைங்களும் உள்ள போவணும். நானு இன்னா பண்றது, சொல்லுங்க? இதால புளி தட்டித் தட்டி, மங்கம்மாவ நாங்கதான்..."

முடிக்கவில்லை. மங்கம்மாள் வீட்டுப் பக்கம் அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை கீதாஞ்சலி அப்போதுதான் கவனித்தாள்.

கம்பியை வாங்கிப் புரட்டினாள். எங்கேயும் சிமென்ட் ஒட்டியிருக்கவில்லை. கம்பி சுவருக்குள் இருந்ததே இல்லையா? ஆசை எழுந்த அதே வேகத்தில் அடங்கியது. நாலு வருஷம் கல்லில் அடித்தால் எந்தச் சிமென்ட்தான் மிஞ்சும்? இது சாட்சி ஆகாது. இவளையும் சேர்த்து உள்ளே தள்ளத்தான் உதவும்.

"கம்பி இருந்த இடத்துல இருக்கட்டும்," என்றாள் எழுந்துகொண்டு. "நான் கீழே இறங்கிப் பார்க்காம யார்கிட்டயும் பேசாதீங்க."

வெளியே வந்ததும் இளவழகன் கேட்டான். "மேடம், அதிர்வாலதான் விழுந்ததுன்னு சொல்லிட்டா? அர்ச்சுனன் வெளிய வந்துடுவார். கம்பி புளிக்குள்ளயே தூங்கும். எல்லாருக்கும் நல்லது."

அவள் பாலத்தை நோக்கி நடந்தாள். எல்லாருக்கும் நல்லதுதான். ஜீப்பை விட்டு இறங்காத அன்றும் எல்லாருக்கும் நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் பச்சையம்மா ஆயுசு முழுக்க அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து, தான் கொன்றோமா இல்லையா என்று தெரியாமல் புளி தட்டிக்கொண்டிருப்பாள்.

பாலத்துக்குத் திரும்பியபோது மணி மூன்றேகால். பொக்லைன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உறுமிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜீவானந்தம் கயிற்றுக்கு உள்ளே நின்றிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கோபால்சாமி. செங்கம் பக்கத்திலிருந்து வந்தவர், காரை அக்கரையில் நிறுத்திவிட்டு வறண்ட ஓடையில் இறங்கி ஏறி வந்திருந்தார். செருப்பெல்லாம் புழுதி.

"பத்து நிமிஷம் கொடுங்க சார். சுவரை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்," என்றாள் கீதாஞ்சலி.

"மழை வந்தா ஓடை அடைச்சிக்கும்மா," என்றார் கோபால்சாமி. "அந்தக் கேசு வேற, இந்த வேலை வேற. டிரைவர் பாரம் ஏத்தினான், விழுந்துது. இதுல பாக்க இன்னா கீது?"

"வானத்துல மேகமே இல்லையே சார்," என்றான் இளவழகன். "உங்க ஒருத்தருக்கு மட்டும் தனியா மழை சொல்லியிருக்காங்களா?"

இன்ஸ்பெக்டர் வாய் திறப்பதற்குள் எல்லாரும் சாலைப் பக்கம் திரும்பினார்கள்.

பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பச்சையம்மா. ஒவ்வொருத்தி தோளிலும் ஒரு கம்பி.

கீதாஞ்சலி வேண்டாம் என்று கை நீட்டினாள். பச்சையம்மா அவளைப் பார்க்கவே இல்லை. நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய்க் கம்பியைக் கீழே போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். இரும்பு மேல் இரும்பு விழுந்தது, பதினோரு தடவை.

"எங்க வூட்லதான் இருந்துச்சுங்க. எங்கள புடிச்சிக்கினு அவர வுட்டுடுங்க."

கோபால்சாமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா சார்! பாரம் பாரம்னு நெனச்சிக்கினு இருந்தோம். திருட்டுக் கும்பலு! அதோ பாருங்க ஓட்டைய, ஆறும் காலி. உருவி எடுத்து வித்தது போக மிச்சத்துல புளி தட்டிக்கினு இருந்திருக்காளுங்க. இவங்கதான் சார் மங்கம்மாவ கொன்னது!"

ஜீவானந்தம் கம்பிகளைப் பார்த்தார், ஓட்டைகளைப் பார்த்தார். அவர் கணக்கும் அதே இடத்தில்தான் போய் நிற்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. "மொத்தம் எத்தனை?"

"பன்னண்டு," என்றாள் பச்சையம்மா.

"இங்க பதினொண்ணுதானே இருக்கு?"

பெண்களின் தலைகள் தாழ்ந்தன.

"இன்னொண்ணு இங்க கீது."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ரம்யா வந்தாள். அழுது வீங்கிய முகம். கையில் பன்னிரண்டாவது கம்பி. "எங்கம்மாவோடது," என்றாள் கோபால்சாமியிடம். "எங்கம்மாவும் திருடிங்களா சார்? தன்னையே கொன்னுக்கிச்சா?"

பொக்லைன் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டார். அந்த நிசப்தத்தில் கீதாஞ்சலி, யாரிடமும் கேட்காமல், கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

சரிவில் மண் உதிர்ந்தது. வேர்களைப் பிடித்து இறங்கி, சாய்ந்து கிடந்த தளத்தின் ஓரமாக ஏறித் திண்டில் கால் வைத்தாள். திண்டு ஒரு முழமாவது அகலம் இருக்க வேண்டும். ஒரு சாண்கூட இல்லை. முதல் ஓட்டை கண்ணுக்கு நேரே இருந்தது. ஓரத்தில் உதிர்ந்த காரைப் பூச்சு.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆழமாக, கம்பி இருந்த தடத்தோடு இருந்தால், பன்னிரண்டு வீட்டையும் தன் கையாலேயே போலீசுக்குப் பிடித்துக் கொடுத்த மாதிரி. மேலேயே நின்றிருக்கலாம்.

விரல்களை உள்ளே விட்டாள்.

பிறகு மேலே நிமிர்ந்து, "ரம்யா, அந்தக் கம்பியை எடுத்துக்கிட்டுக் கீழே வாம்மா," என்றாள். "சார், நீங்களும் வாங்க."

ரம்யா இறங்கி வந்தாள். இளவழகன் கை கொடுத்துத் திண்டில் ஏற்றினான். இன்ஸ்பெக்டர் பின்னால் வந்தார்.

"உள்ள விடு," என்றாள் கீதாஞ்சலி.

ரம்யா கம்பியின் முனையை ஓட்டையில் வைத்துத் தள்ளினாள். டங்கென்று ஒரு சத்தம். கம்பி நின்றது. இன்னும் பலமாகத் தள்ளினாள். அதே சத்தம், அதே இடம்.

நாலு விரல் ஆழம். மூன்றடிக் கம்பியில் மிச்சம் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணு அடைச்சிருக்கும்," என்று மேலேயிருந்து கத்தினார் கோபால்சாமி.

இளவழகன் ஏற்கெனவே திண்டில் பக்கவாட்டாக நகர்ந்து அடுத்தடுத்த ஓட்டைகளில் விரலை விட்டுக்கொண்டிருந்தான். "ரெண்டு, நாலு விரல். மூணு, நாலு விரல். அஞ்சாவதுல மூணரை, அன்னிக்கு மேஸ்திரிக்குப் பசி போல. உள்ள மண்ணு இல்ல சார், பழைய கான்கிரீட். கம்பி உரசின ஒரு கோடுகூட இல்லை."

"கம்பி போடறதுக்காகத் தோண்டின ஓட்டை இல்லை சார் இது," என்றாள் கீதாஞ்சலி. "மேலே நின்னு பார்த்துக் கையெழுத்துப் போடறவங்களுக்காகத் தோண்டினது. காரையைப் பூசிட்டா கம்பி உள்ளே இருக்கிற மாதிரியே தெரியும். தளம் விழுந்தப்போ பூச்சு உதிர்ந்துடுச்சு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கோபால்சாமி சார், நாலு விரல் குழியிலேர்ந்து மூணடிக் கம்பியை இவங்க எப்படி உருவினாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

கோபால்சாமி இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிறகு சட்டென்று அக்கரைப் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க கார் அந்தப் பக்கம் நிக்குது," என்று கூப்பிட்டான் இளவழகன். "நடுவுல பாலம் இல்ல."

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அவர் தோளில் கை வைத்தார். ஜீவானந்தம் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் தானே ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார். "ஏம்பா, அந்த அர்ச்சுனனை கோர்ட்டுக்கு ஏத்த வேணாம். ஆமா, நிறுத்து. சாப்பிட்டானா? வாங்கிக் குடுத்து இங்க கூட்டிக்கினு வா. இந்தப் பொக்லைனை யாரும் தொடக்கூடாது."

கீதாஞ்சலி சரிந்த தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். விரல் நுனியெல்லாம் காரைத் தூள். நாளைக்கு, அன்று ஜீப்பை விட்டு இறங்கிப் பார்க்காத அந்தப் பழைய பாலத்துக்குப் போக வேண்டும், அடியில் இறங்க வேண்டும் என்று நினைத்தாள். எது இருந்தாலும் சரி.

பச்சையம்மா எப்போது இறங்கி வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. சுவருக்குக் கீழே நின்று, நீட்டிக்கொண்டிருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது கீதாஞ்சலியிடம் அல்ல.

"ரம்யா, அப்போ நாங்க இல்லியா?"

ரம்யா கம்பியை ஓட்டையிலிருந்து எடுத்துத் திண்டில் சாய்த்து வைத்தாள். இறங்கி வந்து, பச்சையம்மாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்தாள்.

"ராத்திரி அம்மாவ கொண்டாந்துடுவாங்க அத்த," என்றாள். "மாமா வந்ததும் ரெண்டு பேரும் வூட்டுக்கு வாங்க."